சுதந்திர வாயிலைக் கட்டியவர்கள்: கொரியாவின் சுதந்திரச் சங்கம், 1896–1898

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. சியோல் நகரில் நிற்கும் சுதந்திர வாயில் ஜப்பானிடமிருந்து விடுதலை பெற்றதன் நினைவாக எழுப்பப்பட்டதா என்பது முதலாவது. அதைக் கட்டிய சுதந்திரச் சங்கம் உண்மையில் என்ன செய்தது என்பது இரண்டாவது. அரசரைப் போற்றித் தொடங்கிய ஒரு சங்கத்தை அந்த அரசரே இரண்டரை ஆண்டுகளுக்குள் படையை அனுப்பிக் கலைத்தது ஏன் என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. அதற்குப் போகும் வழியில் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

வாயில் ஜப்பானைக் குறித்தது அன்று. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்ட நாள் 1896 நவம்பர் 21. வேலை முடிந்தது 1897 நவம்பரில். ஜப்பான் கொரியாவைத் தன் காப்பு நாடாக்கிக்கொண்டது 1905-இல், முழுமையாக இணைத்துக்கொண்டது 1910-இல். அந்த வாயில் குறிப்பது சீனப் பேரரசின் மேலாண்மையிலிருந்து கொரியா நீங்கியதை. அதற்கான சான்றை இன்றும் அங்கேயே பார்க்கலாம். வாயிலின் முன்னால் இரண்டு கல்தூண்கள், மேலே எதையும் தாங்காமல், வெறுமனே நிற்கின்றன. யோங்குன்முன், அதாவது 'அருளை வரவேற்கும் வாயில்', என்னும் பழைய வாயிலில் எஞ்சியவை அவை. சீனப் பேரரசரின் தூதர்கள் வரும்போது கொரிய அரசர் நகரின் மேற்குப் புறத்தே அந்த இடம்வரை சென்று அவர்களை எதிர்கொண்டு அழைப்பது நெடுங்கால வழக்கம். 1894-இல் தொடங்கிய போரில் சீனா ஜப்பானிடம் தோற்று, 1895 ஏப்ரலில் ஷிமோனோசெகி உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே கொரியா முழுச் சுதந்திர நாடு என்று ஒப்புக்கொண்டது. பழைய வாயில் இடிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.

அந்த உடன்படிக்கையில் கொரியாவின் கையெழுத்து இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு அண்டை நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட வாசகத்தின் மூலமாகத்தான் கொரியாவுக்குச் சுதந்திரம் வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் பெயரில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். சுதந்திரச் சங்கத்தின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம்.

சீனாவின் பிடி நீங்கிய இடத்தில் ஜப்பானின் பிடி விழுந்தது. 1895 அக்டோபர் 8 அன்று, ஜப்பானை எதிர்த்து ரஷ்யாவின் பக்கம் சாய்ந்த அரசி மின், ஜப்பானியத் தூதர் மியூராவின் ஏற்பாட்டில் அரண்மனைக்குள்ளேயே கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஆண்கள் அனைவரும் உச்சிக்குடுமியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆணை வந்தது; பெற்றோர் தந்த உடலில் ஒரு மயிரையும் சேதப்படுத்தக் கூடாது என்று கன்ஃபூசிய நெறியில் வளர்ந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1896 பிப்ரவரி 11 அன்று அரசர் கோஜோங் அரண்மனையிலிருந்து தப்பி ரஷ்யத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். ஓர் ஆண்டுக்கும் சற்று மேலாக அங்கிருந்தே அவர் ஆட்சி நடத்தினார். தன் தலைநகரில், தன் அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேறொரு நாட்டின் கொடிக்குக் கீழே குடியிருந்த அரசரின் பெயரால் சுரங்கங்களும் காடுகளும் இருப்புப்பாதைகளும் அந்நியருக்கு உரிமமாகப் போய்க்கொண்டிருந்தன. உன்சான் தங்கச் சுரங்கமும் சியோல்–இஞ்சோன் இருப்புப்பாதையும் அமெரிக்கருக்கு, சியோலிலிருந்து வட எல்லைக்குச் செல்லும் பாதை பிரெஞ்சுக்காரருக்கு, யாலு ஆற்றங்கரைக் காடுகள் ரஷ்யருக்கு என்று அந்த ஓராண்டுக் கணக்கே நீளமானது.

இந்தச் சூழலில்தான் சோ ஜேபில் நாடு திரும்பியிருந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1884 டிசம்பரில் சீர்திருத்தத்தை விரும்பிய இளைஞர் குழு ஒன்று அரண்மனையைக் கைப்பற்றி மூன்றே நாள் ஆட்சி செய்தது. சீனப் படை தலையிட்டதும் அது வீழ்ந்தது. அதில் பங்கெடுத்தபோது அவருக்கு வயது இருபதுதான். ஜப்பான் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். அவர் தப்பிவிட்டார், வீட்டார் தப்பவில்லை. துரோகியின் குடும்பம் என்ற பழியால் பெற்றோரும் மனைவியும் மாண்டார்கள். இரண்டு வயது மகன் எடுத்து வளர்க்க ஆளின்றிப் பட்டினியால் இறந்தான். அமெரிக்காவில் கூலி வேலை செய்து படித்து, 1890-இல் அந்நாட்டுக் குடிமகனாகி, 1892-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தன் பெயரின் எழுத்தசைகளைத் திருப்பிப்போட்டு பிலிப் ஜேசன் என்ற பெயரை அமைத்துக்கொண்டவர் அவர். 1895 இறுதியில், பழைய குற்றம் மன்னிக்கப்பட்டு, அரசின் ஆலோசகராகப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் சியோலுக்கு வந்தார்.

வந்தவர் முதலில் தொடங்கியது சங்கத்தை அன்று, ஒரு செய்தித்தாளை. 1896 ஏப்ரல் 7 அன்று 'டோங்னிப் சின்முன்' என்ற பெயரில், அரசின் பண உதவியுடன், வாரத்துக்கு மூன்று நாள் வரும் நான்கு பக்கத் தாளாக அது வெளிவந்தது. மூன்று பக்கம் கொரிய மொழியில், கடைசிப் பக்கம் ஆங்கிலத்தில். தென்கொரியாவில் இன்றும் ஏப்ரல் 7 பத்திரிகை நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தத் தாளைக் கையில் எடுத்த எவருக்கும் முதலில் கண்ணில் பட்டிருக்கக்கூடியது அதன் எழுத்து. அதுவரை அரசாங்கக் காரியங்களும் படித்தவர் எழுத்தும் பெரும்பாலும் சீன எழுத்திலேயே நடந்தன; அது பல ஆண்டுகள் பயின்றவருக்கே வசப்படும். சேஜோங் மன்னர் 1446-இல் மக்களுக்கென வெளியிட்ட ஹாங்குல் எழுத்து, பெண்களுக்கும் எளியவர்களுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சோ ஜேபில் தாளின் கொரியப் பக்கங்கள் முழுவதையும் ஹாங்குலில் மட்டுமே அச்சிட்டார். அதோடு, ஒன்றோடொன்று ஒட்டி எழுதப்பட்டு வந்த சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு அச்சிட்டார். மேலோர் கீழோர் என்ற வேற்றுமையின்றி எல்லாரும் படிக்க வேண்டும், படிக்கும்போது தடுமாறக் கூடாது என்பதற்காகவே இவ்வாறு செய்வதாக முதல் இதழின் தலையங்கம் விளக்குகிறது. அரசு செய்வதை மக்களுக்கும் மக்களின் நிலையை அரசுக்கும் சொல்வதே தாளின் வேலை என்றும் அது அறிவித்தது. அங்கே எழுத்துப்பிழை பார்த்த இளைஞர் ஜு சிக்யோங், பிற்காலத்தில் கொரிய மொழி இலக்கணத்தை நவீன முறையில் வகுத்தவர். சொற்களுக்கு நடுவே விட்ட அந்தச் சிறு இடைவெளியை, வாயிலின் கருங்கற்களைவிட நீடித்த சாதனையாக நான் மதிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, 1896 ஜூலை 2 அன்று, சுதந்திரச் சங்கம் தொடங்கப்பட்டது. கொரிய மொழியில் அதன் பெயர் டோங்னிப் ஹ்யோப்ஹே. அது ஒரு மக்கள் இயக்கமாகப் பிறக்கவில்லை. தலைவர் அன் க்யோங்சு, செயற்குழுத் தலைவர் யி வான்யோங் இருவரும் உயர் அதிகாரிகள். யி வான்யோங் அப்போது வெளியுறவு அமைச்சர். சோ ஜேபில் அமெரிக்கக் குடிமகன் என்பதால் ஆலோசகராக மட்டும் இருந்தார். அப்போதைய நோக்கம் பழைய வாயில் நின்ற இடத்தில் புதிய வாயில் ஒன்றைக் கட்டுவதும், சீனத் தூதர்களுக்கு விருந்தளித்த மோஹ்வாக்வான் மாளிகையைச் சுதந்திர மாளிகையாக மாற்றுவதும், அருகே ஒரு பூங்கா அமைப்பதும்தான். நன்கொடை தந்தவர் எவரும் உறுப்பினராகலாம். பட்டத்து இளவரசர் 1,000 வோன் தந்தார். பாரிஸ் நகரத்து வெற்றி வளைவை மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்தில், 1,850 கருங்கற்களால் வாயில் எழுந்தது. அதன் ஒருபக்கம் 'சுதந்திர வாயில்' என்று ஹாங்குலிலும் மறுபக்கம் சீன எழுத்திலும் செதுக்கியிருக்கிறார்கள். பெயரின் இருபுறமும் கொரியக் கொடி. அரசரும் இதையெல்லாம் விரும்பினார். 1897 அக்டோபரில் அவர் தம்மைப் பேரரசராக அறிவித்து நாட்டின் பெயரைத் தேஹான் என்று மாற்றிக்கொண்டபோது, சங்கம் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றது. சீனப் பேரரசருக்குச் சமமான பட்டம் என்பதே சுதந்திரத்தின் அடையாளமாக இரு தரப்புக்கும் பட்டது.

சங்கத்தின் போக்கு மாறிய நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும்: 1897 ஆகஸ்ட் 29. அன்று சுதந்திர மாளிகையில் முதல் விவாதக் கூட்டம் நடந்தது. மக்களுக்குக் கல்வி தருவதே நாட்டின் இன்றைய முதல் தேவை என்பது தலைப்பு. அதற்கு முந்தைய ஆண்டே சோ ஜேபில், சியோலில் அமெரிக்க மதப்பணியாளர்கள் நடத்திய பேஜே பள்ளியின் மாணவர்களைச் சேர்த்து ஒரு விவாதக் குழுவை நடத்திப் பழகியிருந்தார். இப்போது அதே முறை பெரியவர்களிடம் வந்தது. தலைப்பு முந்தைய வாரமே அறிவிக்கப்படும், ஆதரித்து இருவர், எதிர்த்து இருவர் பேசுவார்கள், பிறகு அவையிலிருந்து யாரும் எழுந்து பேசலாம், முடிவில் வாக்கெடுப்பு. பெரும்பான்மை எதுவோ அதுவே தீர்மானம். அடுத்த ஆண்டு இறுதிவரை இப்படி 34 கூட்டங்கள் நடந்தன. சாலை போடுவது, துப்புரவு, பெண் கல்வி, அடிமை முறை என்று தொடங்கிய தலைப்புகள், நாளடைவில் அந்நியருக்கு உரிமம் தருவது, மக்கள் உரிமை, சட்டமன்றம் என்று அரசியலுக்குள் நுழைந்தன. அதிகாரிகள் விலக, இளைஞர்களும் வணிகர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய யுன் சிஹோ, கூட்டம் நடத்தும் விதிமுறைகளைக் கொரிய மொழியில் பெயர்த்துத் தந்தார். தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கேட்பது, வாக்கை எண்ணுவது ஆகியவை கேட்பதற்குச் சிறிய காரியங்கள். வயதும் பதவியும் பார்த்தே வாய் திறக்க வேண்டிய ஒரு சமூகத்தில், எளிய வணிகனின் வாக்கும் யாங்பான் என்னும் உயர்குடியாளரின் வாக்கும் ஒன்றாக எண்ணப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் அவற்றின் எடை விளங்கும்.

1898-இன் தொடக்கத்தில் ரஷ்யாவின் நெருக்குதல் உச்சத்தை எட்டியது. படைப் பயிற்சிக்கு ரஷ்ய அதிகாரிகள் வந்திருந்தார்கள். நிதி ஆலோசகராக அலெக்ஸேயெவ் என்ற ரஷ்யர் அமர்த்தப்பட்டிருந்தார். ரஷ்ய–கொரிய வங்கி ஒன்று திறக்கப்பட்டது. பூசான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள யோங்டோ தீவில் கப்பல்களுக்கு நிலக்கரி சேமிக்க இடம் கேட்டார்கள். பிப்ரவரி 21 அன்று சங்கம் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. படை அதிகாரமும் நிதி அதிகாரமும் அந்நியர் கையில் இருக்கும் நாடு நாடாகாது என்பதே அதன் சாரம். மார்ச் 10 அன்று சியோலின் வணிக வீதியான ஜோங்னோவில் ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். அன்றைய சியோலின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தளவே இருந்தது என்பதைக் கொண்டு அந்தக் கூட்டத்தின் அளவை எண்ணிப் பார்க்கலாம். மன்மின் கோங்டோங்ஹே, அதாவது அனைத்து மக்கள் பொதுக்கூட்டம், என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஓர் அரிசி வணிகர். பேசியவர்களில் பேஜே பள்ளியின் இளைஞர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் தென்கொரியாவின் முதல் குடியரசுத் தலைவரான சிங்மன் ரீ அவர்களில் ஒருவர். அந்த மாதத்திலேயே ரஷ்யா பயிற்சி அதிகாரிகளையும் நிதி ஆலோசகரையும் திரும்ப அழைத்துக்கொண்டது, பின்னர் வங்கியும் மூடப்பட்டது. இதை முழுக்க மக்கள் கூட்டத்தின் வெற்றியென்று எழுதுவது மிகை. அதே மாதத்தில் ரஷ்யா சீனாவிடமிருந்து லியாவ்துங் தீபகற்பத்தைக் குத்தகைக்குப் பெற்றது; அங்கே கால் ஊன்றுவதற்காகக் கொரியாவில் ஜப்பானோடு மோதலைத் தணிக்க அது விரும்பியது. ஆனாலும் வீதியில் கூடிப் பேசினால் அமைச்சர்களை அசைக்கலாம் என்று சியோல் மக்கள் கற்றுக்கொண்டது அந்த மார்ச் மாதத்தில்தான். அதைக் கண்டு அரசவை அஞ்சியது. சோ ஜேபிலின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டு, மே 14 அன்று அவர் நாட்டை விட்டு வெளியேறினார். செய்தித்தாளும் சங்கமும் யுன் சிஹோவின் பொறுப்பில் வந்தன.

இலையுதிர் காலத்தில் நடந்தவை இன்னும் வேகமானவை. செப்டம்பரில் பேரரசரின் காப்பியில் நஞ்சு கலக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் முன்பு ரஷ்ய மொழிபெயர்ப்பாளராகச் செல்வாக்கோடு இருந்த கிம் ஹோங்ன்யுக். சினம் கொண்ட பழமைவாத அமைச்சர்கள், 1894-இன் சீர்திருத்தத்தில் ஒழிக்கப்பட்டிருந்த பழைய சட்டத்தை, குற்றவாளியின் குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிக்கும் சட்டத்தை, மீண்டும் கொண்டுவர முயன்றார்கள். பேரரசரைக் கொல்ல முயன்றவனுக்கு ஆதரவாகப் பேசுவதாகப் பழி வரும் என்று தெரிந்தும் சங்கம் இதை எதிர்த்தது. குற்றம் செய்தவனைச் சட்டப்படி தண்டியுங்கள், அவன் மனைவி மக்களைத் தொடாதீர்கள் என்றது. சோ ஜேபிலின் வீட்டுக்கு 1884-க்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் பின்னால் எத்தனை வலி இருக்கிறது என்பது புரியும். அரண்மனை வாயிலில் நாள்கணக்கில் மக்கள் அமர்ந்தார்கள், கடைக்காரர்கள் கடையடைத்தார்கள். அக்டோபர் 12-க்குள் ஏழு அமைச்சர்கள் பதவி இழந்தனர்; சீர்திருத்தத்தில் நாட்டமுள்ள பாக் ஜோங்யாங் தலைமையில் புதிய அமைச்சரவை அமைந்தது.

அக்டோபர் 29 அன்று ஜோங்னோவில் அதிகாரிகளும் மக்களும் சேர்ந்து நடத்திய பெருங்கூட்டம் கூடியது. பாக் ஜோங்யாங்கும் அமைச்சர்களும் வந்து அமர்ந்திருந்தார்கள். முதலில் பேச எழுந்தவர் பாக் சோங்சுன். அவர் ஒரு பெக்ஜோங். ஆடு மாடு அறுக்கும் தொழிலால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர். கொரிய ஆண்மகன் என்பதற்கு அடையாளமான கறுப்புத் தொப்பியை அணியும் உரிமையே அவருடைய மக்களுக்குச் சில ஆண்டுகள் முன்புதான் கிடைத்திருந்தது. நாட்டிலேயே மிகத் தாழ்ந்தவன், அறியாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு அவர் தொடங்கினார். அரசருக்கு விசுவாசமும் நாட்டின்மேல் அன்பும் தனக்கும் தெரியும் என்றார். பிறகு அந்த இடத்தில் வெயிலுக்குக் கட்டியிருந்த துணிப் பந்தலை உவமையாக எடுத்துக்கொண்டார். ஒரே காலில் நிறுத்தினால் பந்தல் நிற்காது; பல கால்களைச் சேர்த்து ஊன்றினால் உறுதியாக நிற்கும்; அரசும் மக்களும் அப்படிச் சேர்ந்து தாங்கினால்தான் நாடு நிற்கும் என்றார். அமைச்சர்கள் அமர்ந்திருந்த அவையில் ஒரு பெக்ஜோங் தொடக்க உரை ஆற்றியது அதற்கு முன் நடந்திராத ஒன்று. அவருடைய மகன் பாக் சோயாங் பத்தாண்டு கழித்து, 1908-இல், செவரன்ஸ் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் எழுவரில் ஒருவரானார்.

அந்தக் கூட்டம் ஆறு கோரிக்கைகளை நிறைவேற்றிப் பேரரசருக்கு அனுப்பியது. அந்நியரைச் சார்ந்திராமல் அதிகாரிகளும் மக்களும் ஒன்றுபட்டுப் பேரரசின் அதிகாரத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பது முதலாவது. நாட்டின் வருவாய் முழுவதையும் நிதியமைச்சகம் ஒன்றே கையாள வேண்டும், வரவு செலவுக் கணக்கை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்றது இன்னொன்று. பெருங்குற்றங்களுக்கு வெளிப்படையான விசாரணை வேண்டும், உயர் அதிகாரிகளை அமைச்சரவையின் பெரும்பான்மை ஒப்புதலோடு அமர்த்த வேண்டும், இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பவை மற்றவை. நான் தனியாகச் சுட்ட விரும்புவது இரண்டாவது கோரிக்கையை. சுரங்கம், இருப்புப்பாதை, காடு, கடன், படை உதவி ஆகியவை குறித்து அந்நிய அரசுகளுடன் செய்யும் எந்த உடன்படிக்கையும், எல்லா அமைச்சர்களும் ஆலோசனை மன்றத் தலைவரும் சேர்ந்து கையெழுத்தும் முத்திரையும் இட்டாலன்றிச் செல்லாது என்றது அது. ஜுங்சுவோன் என்ற அந்த ஆலோசனை மன்றம் அதுவரை பதவி இழந்தவர்கள் ஒதுங்கும் இடமாகவே இருந்தது. சங்கம் அதைச் சட்டமன்றமாக மாற்றக் கேட்டது. பேரரசர் ஆறு கோரிக்கைகளையும் ஏற்றார். மன்றத்தின் 50 இடங்களில் 25 பேரைச் சங்கமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி நவம்பர் தொடக்கத்தில் வெளியானது. நவம்பர் 5 அன்று தேர்தல் என்று நாளும் குறிக்கப்பட்டது.

அந்த விடியல் வரவில்லை. நவம்பர் 4 இரவு நகரில் பெயரில்லாச் சுவரொட்டிகள் தோன்றின. சங்கம் முடியாட்சியை ஒழித்துக் குடியரசை நிறுவப்போகிறது, பாக் ஜோங்யாங் அதன் தலைவராகவும் யுன் சிஹோ துணைத் தலைவராகவும் ஆகப்போகிறார்கள் என்று அவற்றில் இருந்தது. சங்கம் அப்படி எதையும் கேட்டதில்லை. அதன் முதல் கோரிக்கையே பேரரசின் அதிகாரத்தை உறுதிப்படுத்துவது பற்றியதுதான். எனினும் பழமைவாதத் தலைவர் ஜோ ப்யோங்சிக்கின் தரப்பு இதைப் பேரரசரின் செவிக்குக் கொண்டுசென்றது. விடிவதற்குள் 17 தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். சங்கத்தைக் கலைக்க ஆணை பிறந்தது. யுன் சிஹோ பின்வழியாகத் தப்பினார். பேரரசரின் மேல் அவர் அதுவரை வைத்திருந்த நம்பிக்கை முற்றாக முறிந்ததை அவருடைய நாட்குறிப்பில் படிக்கலாம்.

மக்கள் வீட்டுக்குப் போகவில்லை. காவல் அலுவலகத்தின் முன் இரவு பகலாக அமர்ந்தார்கள். நவம்பர் குளிரில் தீ மூட்டிக்கொள்ள விறகு விற்பவர்கள் விறகு கொடுத்தார்கள். பெண்களும் சிறு வணிகர்களும் காசு தந்தார்கள். பெண் கல்விக்காக அந்த ஆண்டில் தொடங்கப்பட்ட சன்யாங்ஹே என்ற மகளிர் சங்கத்தாரும் இந்தக் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். நவம்பர் 10 அன்று 17 பேரும் விடுவிக்கப்பட்டனர். ஆனால் கூட்டம் கலையாததால் அரசவை வேறு வழியை நாடியது. ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்கும் போபுசாங் என்ற நாடோடி வணிகர்களைக் கொண்டு, ஹ்வாங்குக் ஹ்யோப்ஹே என்னும் போட்டிச் சங்கம் அந்தக் கோடையிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. நவம்பர் 21 அன்று ஏறத்தாழ 2,000 போபுசாங்கள் தடிகளுடன் வந்து கூட்டத்தை அடித்து விரட்டினார்கள். மறுநாள் மோதலில் கிம் தொக்கு என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி உயிரிழந்தார். டிசம்பர் 1 அன்று மக்கள் அவரை ஒரு மாவீரருக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பெரிய பதவி வகித்த பலருக்கும் கிடைக்காத இறுதி ஊர்வலம் அது.

நவம்பர் 26 அன்று பேரரசர் வெளிநாட்டுத் தூதர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அரண்மனை வாயிலுக்கே வந்து, இரு தரப்பாரையும் தனித்தனியே சந்தித்துச் சீர்திருத்தத்தை நிறைவேற்றுவதாக வாக்களித்தார். மன்றத்தின் 50 இடங்களும் நிரப்பப்பட்டன. ஆனால் சங்கத்தாருக்கும் பொதுக்கூட்டத்தாருக்கும் கிடைத்தவை மூன்றில் ஒரு பங்கே. அந்த மன்றம் டிசம்பர் நடுவில் உயர் பதவிகளுக்குத் தகுந்தவர்களென்று 11 பேரைப் பரிந்துரைத்தது. அவர்களில் சோ ஜேபிலும், 1884 கலகத்தின் மற்றொரு தலைவரும் அப்போது ஜப்பானில் தஞ்சம் புகுந்திருந்தவருமான பாக் யோங்ஹ்யோவும் இருந்தார்கள். என் கணிப்பில் இது சங்கத்தார் செய்த பெரும் பிழை. பேரரசரின் பார்வையில் பாக் யோங்ஹ்யோ ஒரு துரோகி. அந்தப் பெயரைச் சொன்னதும், சுவரொட்டியில் எழுதியிருந்த பொய்க்கு மெய்யின் சாயல் ஏறிவிட்டது. டிசம்பர் 23 அன்று படை வந்து கூட்டத்தைக் கலைத்தது. ஜப்பானியத் தூதரும் படையைப் பயன்படுத்துவதற்கு உடன்பாடு தெரிவித்திருந்தார் என்பதை மறக்கலாகாது. டிசம்பர் 25 அன்று சங்கத்தின் குற்றங்களைப் பட்டியலிட்டு ஆணை வெளியாயிற்று. அதோடு சங்கத்தின் கதை முடிந்தது. சிங்மன் ரீ 1899 ஜனவரியில் கைதாகி 1904 வரை சிறையில் இருந்தார். செய்தித்தாள் 1899 டிசம்பர் 4 இதழோடு நின்றது.

பேரரசர் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு விடை அடுத்த ஆண்டில் அவர் வெளியிட்ட சாசனத்தில் இருக்கிறது. 1899 ஆகஸ்ட் 17 அன்று வந்த தேஹான் பேரரசின் அடிப்படைச் சட்டத்தில் மொத்தம் ஒன்பது பிரிவுகள். பேரரசரின் அதிகாரத்துக்கு எல்லையில்லை என்கிறது அது. மக்களின் உரிமை பற்றி ஒரு பிரிவும் அதில் கிடையாது. அந்நிய நாடுகளுடன் உடன்படிக்கை செய்வது பேரரசரின் அதிகாரம் என்கிறது கடைசிப் பிரிவு. சங்கத்தின் இரண்டாவது கோரிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இருக்க முடியாது. அரசர் பலமாக இருந்தால் நாடு பலமாக இருக்கும் என்று கோஜோங் நம்பினார். அது சுயநலம் மட்டுமே என்று நான் சொல்லமாட்டேன்; மனைவியை அந்நியர் கொலை செய்ததையும், தன் காப்பியில் நஞ்சு கலக்கப்பட்டதையும் கண்ட ஒருவருக்கு எந்தக் கூட்டத்தின்மேலும் ஐயம் வருவது இயல்பே. ஆனால் அதிகாரம் ஓர் ஆளிடம் குவிந்திருந்தால், அந்த ஒருவரை மட்டும் சூழ்ந்துகொண்டால் போதும் என்றாகிவிடுகிறது.

1905 நவம்பர் 17 அன்று அதுதான் நடந்தது. ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபூமி படையோடு வந்து அரண்மனைப் பகுதியை முற்றுகையிட்டு அமைச்சர்களை ஒவ்வொருவராக வற்புறுத்தினார். அமைச்சரவைத் தலைவர் ஹான் க்யுசோல் மறுத்தார். எட்டு அமைச்சர்களில் ஐவர் இணங்கினார்கள். கொரியாவின் வெளியுறவு உரிமை முழுவதும் ஜப்பானுக்குப் போயிற்று. பேரரசர் அதற்கு ஒப்புதல் முத்திரை இடவில்லை. பின்னாளில் அது செல்லாது என்று உலகுக்குச் சொல்லித் தூதர்களையும் அனுப்பினார். ஆனால் எல்லா அமைச்சரும் மன்றத் தலைவரும் கையெழுத்திடாத உடன்படிக்கை செல்லாது என்று சொல்லத்தக்க நிலையான சட்டத்தையும், அதைக் காக்கத்தக்க மக்கள் மன்றத்தையும் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கையாலேயே கலைத்துவிட்டிருந்தார். இணங்கிய அந்த ஐவரில் ஒருவர் யி வான்யோங், சங்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர். அந்நியருக்கு உரிமங்கள் வழங்கியதற்காக 1898-இல் சங்கம் அவரை நீக்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 22 அன்று நாட்டை ஜப்பானோடு இணைக்கும் உடன்படிக்கையில் பிரதமராகக் கையெழுத்திட்டவரும் அவரே.

சங்கத்தின் மேல் வைக்கப்படும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் நியாயம் இருக்கிறது. ரஷ்யாவின்மேல் இருந்த விழிப்பு ஜப்பானின்மேல் அவர்களுக்கு இல்லை. சீர்திருத்தத்தின் முன்மாதிரியாக ஜப்பானைப் பார்த்த அவர்கள், அதன் பேராசையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 1894-இல் டோங்ஹாக் என்னும் சமய இயக்கத்தின் கீழ்க் கிளர்ந்தெழுந்த உழவர்களையும், ஜப்பானை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஊர்ப்புறப் படைகளையும் கலகக்காரர்களாகவும் கொள்ளையராகவும் செய்தித்தாள் எழுதியது. எல்லா மக்களும் வாக்களிக்கும் கீழவைக்கு நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்று 1898 கோடையில் அது தலையங்கமும் எழுதிற்று. உழவர்களே பெரும்பான்மையாக இருந்த நாட்டில், உழவர்களோடு ஒட்டாத நகரத்து இயக்கம் ஒன்று தடியடிக்கு முன் தனித்து நின்றதில் வியப்பில்லை. ஆயினும் கிளைகள் பல ஊர்களில் தோன்றியிருந்தன. பியோங்யாங்கில் அந்த ஆண்டு மேடையேறி அதிகாரிகளை முகத்துக்கு நேரே குறைகூறிய இளைஞர் அன் சாங்ஹோ, பிற்காலத்தில் ஜப்பானுக்கு எதிரான விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவரானார்.

வாயிலுக்கே திரும்பி வருகிறேன். ஜப்பானிய ஆட்சி அதை இடிக்கவில்லை. பழுதுபார்த்து, 1936-இல் பழஞ்சின்னமாகப் பட்டியலிலும் சேர்த்தது. சீனாவிடமிருந்து கொரியா பிரிந்ததைக் குறிக்கும் கல் அவர்களுக்கு இடைஞ்சலாக இல்லை. அந்த வாயிலுக்கு அருகே 1908-இல் அவர்கள் ஒரு சிறையைத் திறந்தார்கள். சோதேமுன் சிறை என்று அறியப்படும் அதில் கொரிய விடுதலைப் போராளிகள் பலர் அடைக்கப்பட்டார்கள், பலர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று சிறை அருங்காட்சியகமாகவும் வாயில் பூங்காவாகவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டும் ஒரே போராட்டத்தைச் சேர்ந்தவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கேள்வியில் இருந்த குழப்பத்துக்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். 1979-இல் மேம்பாலச் சாலை போடுவதற்காக வாயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி மீண்டும் அடுக்கினார்கள். பழைய வாயிலின் இரண்டு தூண்களையும் அதனோடு சேர்த்தே நகர்த்திக்கொண்டுபோய், முன்பிருந்தது போலவே அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.